‘ஏன் அப்படிச் செய்தீர்கள்?’: இயன்முறை மருத்துவத்தில் சக மதிப்பாய்வு

இயன்முறை மருத்துவப் (பிசியோதெரபி) படிப்பின் இறுதியாண்டில் ஒரு மாணவர் நோயாளியின் முழங்காலில் கை வைக்கும்போது, அருகில் ஒரு மேற்பார்வையாளர் நின்றுகொண்டிருப்பார். விரல்கள் எங்கே இருக்கின்றன, மூட்டு அசையும் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரின் அச்சு எலும்பின் எந்த மேட்டில் பொருந்தியிருக்கிறது, நோயாளி முகம் சுளித்ததை மாணவர் கவனித்தாரா என்பதெல்லாம் அந்த இடத்திலேயே திருத்தப்படும். பட்டம் பெற்றுத் தொழிலில் பதிவு செய்துகொண்டதும் அந்தக் கண்கள் விலகிவிடுகின்றன. அதன் பிறகு முப்பது ஆண்டுகள் தொழில் செய்தாலும், திரை இழுத்துவிடப்பட்ட அந்தச் சிறிய இடத்தில் அவர் என்ன செய்கிறார், எதை நினைத்து அதைச் செய்கிறார் என்பதை இன்னொரு இயன்முறை மருத்துவர் அமர்ந்து பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலும் வருவதே இல்லை. நோயாளி பார்க்கிறார்தான். ஆனால் வலி குறைந்ததா, தன்னிடம் அன்பாகப் பேசினாரா என்பவற்றைத்தான் அவரால் சொல்ல முடியும். தனக்குச் செய்யப்பட வேண்டிய பரிசோதனை ஒன்று செய்யப்படாமல் போனதை அவர் அறிய வழியில்லை.

இந்த இடைவெளியை நிரப்புவதற்காக உருவான ஏற்பாடுதான் சக மதிப்பாய்வு. ஆய்விதழுக்கு வந்த கட்டுரையைத் துறை வல்லுநர்கள் படித்துக் கருத்துச் சொல்வதையும் இதே பெயரால் அழைப்பதால் குழப்பம் நேர்வதுண்டு. இங்கே பேசப்படுவது வேறு. ஒரே தொழிலில், ஏறத்தாழ ஒரே நிலையில் இருக்கும் இருவர், அவர்களுள் ஒருவர் உண்மையில் பார்த்த நோயாளியின் பதிவேட்டை நடுவில் வைத்துக்கொண்டு, அந்தச் சிகிச்சையில் எடுக்கப்பட்ட ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் இருந்த காரணத்தைப் பேசிப் பார்ப்பதே அது. மதிப்பெண் இல்லை, தேர்ச்சி தோல்வி இல்லை. ‘ஏன்’ என்ற கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டியிருப்பதுதான் இதன் முழு வேலையும் என்று நான் கருதுகிறேன்; மற்ற படிவங்களும் நெறிமுறைகளும் அந்தக் கேள்வியைப் பாதுகாப்பதற்காக இருப்பவை.

அனுபவம் உள்ள ஒருவர் தம் வேலையைத் தாமே எடைபோட்டுக்கொள்ள முடியாதா என்ற கேள்வி நியாயமானது. இதற்கான விடை அவ்வளவு ஆறுதல் தருவதாக இல்லை. மருத்துவர்கள் தங்களைத் தாங்களே மதிப்பிட்டதையும் வெளியார் அவர்களை மதிப்பிட்டதையும் ஒப்பிட்ட 17 ஆய்வுகளைத் தொகுத்து, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் 2006இல் ஒரு கட்டுரை வந்தது. அதில் இருந்த 20 ஒப்பீடுகளில் 13இல் இரண்டு மதிப்பீடுகளுக்கும் இடையே பொருத்தம் மிகக் குறைவாக இருந்தது, அல்லது அறவே இல்லை, அல்லது தலைகீழாக இருந்தது. திறன் குறைந்தவர்களும் தன்னம்பிக்கை மிகுந்தவர்களுமே தங்களைப் பற்றி மிகத் தவறாக மதிப்பிட்டிருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் வெளியான இன்னொரு தொகுப்பு, 62 ஆய்வுகளைப் பார்த்து, தொழிலில் ஆண்டுகள் கூடக்கூட அறிவும் சிகிச்சைத் தரமும் குறைவதாகவே அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை காட்டுகின்றன என்று சொன்னது. இரண்டும் மருத்துவர்களைப் பற்றியவை. ஆனால் இயன்முறை மருத்துவத்துக்கு இவை பொருந்தாது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. இங்கே நிலைமை இன்னும் சிக்கலாக இருப்பதற்குத் தனிக் காரணம் ஒன்றும் இருக்கிறது.

நம்மிடம் வரும் வலிகளில் பெரும்பகுதி தானாகவும் குறையக்கூடியது. திடீரென்று பிடித்துக்கொண்ட இடுப்பு வலி, தசைச் சுளுக்கு, கழுத்து இறுக்கம் ஆகியவை சில வாரங்களில் நாம் எதுவும் செய்யாவிட்டாலும் பல நேரங்களில் தணிந்துவிடும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நோயாளி வருகிறார். உச்சத்துக்குப் பிறகு இறக்கம் இயல்பு. அந்த இறக்கம் நடக்கும் வாரங்களில் நாம் எந்த முறையைக் கையாண்டோமோ அதற்குப் பெருமை சேர்ந்துவிடுகிறது. குணமாகாதவர்கள் என்ன செய்கிறார்கள்? திரும்பி வந்து ‘உங்கள் சிகிச்சை பலிக்கவில்லை’ என்று சொல்பவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் வருவதை நிறுத்திக்கொண்டு வேறிடம் போய்விடுகிறார்கள். ஆகவே ஒரு இயன்முறை மருத்துவரின் நினைவில் தங்கும் நோயாளிகள், நன்றி சொல்லிப் போனவர்களே. இருபது ஆண்டுகள் நேர்மையாக உழைத்த ஒருவர், இருபது ஆண்டுகளாக ஒரே தவறைச் செய்துகொண்டு, அது பலிக்கிறது என்று மனமார நம்பவும் கூடும். இதில் அவருடைய குணத்தைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அவருக்குக் கிடைக்கும் தகவலே ஒரு பக்கம் சாய்ந்தது.

இந்தச் சாய்வை நூறாண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்ட ஒருவரின் பெயர் ஒவ்வொரு இயன்முறை மருத்துவருக்கும் வேறொரு வகையில் தெரிந்ததுதான். தோள் வலி உள்ளவரை முன்னால் குனியச் செய்து, கையைத் தளரத் தொங்கவிட்டு ஊசலாட்டச் சொல்லும் பெண்டுலம் பயிற்சியைக் காட்மேன் பயிற்சி என்றும் சொல்கிறோம். ‘ஃப்ரோஸன் ஷோல்டர்’ (தோள்மூட்டு இறுகிப்போகும் உறைதோள்) என்ற பெயரை 1934இல் வழங்கியவரும் அவரே. பாஸ்டன் நகரில் அறுவை மருத்துவராக இருந்த எர்னஸ்ட் காட்மேன், ஒவ்வொரு நோயாளியையும் சிகிச்சை பலித்ததா என்று தெரியும்வரை தொடர்ந்து விசாரிக்க வேண்டும், பலிக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்க வேண்டும், அந்த விடையைச் சக மருத்துவர்கள் முன் வைக்க வேண்டும் என்று வாதாடினார். தாம் நடத்திய சிறிய மருத்துவமனையிலிருந்து 1911 முதல் 1916 வரை வீடு திரும்பிய 337 நோயாளிகளின் சிகிச்சையில் 123 பிழைகளைப் பதிவு செய்து அவற்றை அச்சிலும் வெளியிட்டார். அக்காலத்தில் அது அவருக்கு நண்பர்களைச் சேர்க்கவில்லை, பகையைத்தான் சேர்த்தது. அவருடைய ஊசல் பயிற்சியை எல்லோரும் எடுத்துக்கொண்டோம். அவருடைய கேள்வியை எடுத்துக்கொள்ளத் தயங்கினோம்.

இயன்முறை மருத்துவத் தொழில் அமைப்புகள் பின்னர் இதை முறைப்படுத்தத் தொடங்கின. 1894இல் நான்கு செவிலியர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய பிரிட்டனின் பட்டய இயன்முறை மருத்துவச் சங்கம். அது தன் தொழில் தரங்களோடு சேர்த்து வெளியிட்ட தணிக்கைக் கருவிகளில், பதிவேட்டுத் தணிக்கை, நோயாளிகளின் பின்னூட்டம் ஆகியவற்றுடன் சக மதிப்பாய்வையும் ஒன்றாக வைத்தது. பதிவேட்டுத் தணிக்கையும் சக மதிப்பாய்வும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு வேலைகள். கையெழுத்து இருக்கிறதா, தேதி இருக்கிறதா, ஒப்புதல் பெறப்பட்டதா என்று தணிக்கை பார்க்கும். எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்ட ஒரு கேஸ் ஷீட்டுக்குள் தவறான சிந்தனை ஒன்று சௌகரியமாக உட்கார்ந்திருக்க முடியும். அதைத் தணிக்கை கண்டுபிடிக்காது.

நடைமுறை எளிமையானது. இருவரும் ஒருவரையொருவர் தேர்ந்துகொள்கிறார்கள். மதிப்பாய்வுக்கு உட்படுபவர் நோயாளி ஒருவரின் பதிவேட்டை, அடையாளங்களை மறைத்து, சில நாள்களுக்கு முன்பே மற்றவரிடம் கொடுக்கிறார். மற்றவர் அதைப் படித்துக் கேள்விகளைக் குறித்துக்கொள்கிறார். பிறகு இடையூறில்லாத ஓர் அறையில், தொலைபேசியை அணைத்துவிட்டு, ஒரு மணி நேரம் போல அமர்ந்து பேசுகிறார்கள். எந்தப் பதிவேட்டைக் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நன்றாக முடிந்த ஒன்றைக் கொடுத்தால் பாராட்டு கிடைக்கும், வேறு எதுவும் கிடைக்காது. எதிர்பார்த்த வேகத்தில் தேறாத நோயாளி, பாதியில் வராமல் நின்றுபோன நோயாளி, முடிவெடுக்கும்போது உள்ளூர ஒரு சந்தேகம் இருந்த நோயாளி, இவர்களின் பதிவேடுகளே கொடுக்கத் தக்கவை.

ஓர் அமர்வு எப்படிப் போகும் என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டில் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். ஐம்பத்து நான்கு வயதுப் பெண். நான்கு மாதங்களாக வலது தோளில் வலி. அனுப்பிய மருத்துவரின் கடிதத்தில் ‘ரொடேட்டர் கஃப் டெண்டினைடிஸ்’, அதாவது தோளைச் சுற்றியுள்ள தசைநாண்களில் அழற்சி, என்று எழுதியிருக்கிறது. எட்டு அமர்வுகளில் ஐ.எஃப்.டி. என்னும் மின்தூண்டல் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், பெண்டுலம் பயிற்சி, பிறகு தெரபேண்ட் என்னும் இழுபட்டை கொண்டு வலுவூட்டல் பயிற்சிகள் தரப்பட்டிருக்கின்றன. வலி பத்துக்கு ஏழிலிருந்து ஆறுக்கு வந்திருக்கிறது. நோயாளி தாமாகக் கையைப் பக்கவாட்டில் தூக்கும் அளவு 90 பாகை என்று குறிக்கப்பட்டிருக்கிறது. கையெழுத்து, தேதி, ஒப்புதல் எல்லாம் சரியாக உள்ளன.

மதிப்பாய்வாளர் சிகிச்சையைப் பற்றிப் பேசவே தொடங்கவில்லை. “முழங்கையை உடலோடு ஒட்டி வைத்து, நீங்களாகவே அவருடைய கையை வெளிப்பக்கம் சுழற்றிப் பார்த்தபோது எங்கே நின்றது?” என்று கேட்கிறார். “பார்த்தேன், கொஞ்சம் குறைவாக இருந்தது” என்கிறார் மற்றவர். பதிவேட்டில் அது இல்லை. “இன்னொரு தோளில்?” அதுவும் இல்லை. “குறைவாக இருந்தது என்று தெரிந்தபோது என்ன நினைத்தீர்கள்?” வலியால் தசையை இறுக்கிக்கொள்கிறார் என்று நினைத்ததாகப் பதில் வருகிறது. அதன் பிறகு வந்த கேள்விதான் முக்கியமானது. “அந்தக் கடிதம் இல்லாமல் இவர் நேராக உங்களிடம் வந்திருந்தால், என்ன என்று சொல்லியிருப்பீர்கள்?”

இதற்கு உடனே பதில் வராது. வராமல் இருப்பதுதான் நல்ல அடையாளம். ரொடேட்டர் கஃப் தசைநாணில் கோளாறு என்றால், நோயாளி தாமாகத் தூக்கும்போது வலிக்கும், எதிர்ப்புக் கொடுத்தால் வலு குறையும். ஆனால் நாம் தூக்கினால் மூட்டு பெரும்பாலும் போகும் தூரம் போகும். நாம் சுழற்றும்போதும் மூட்டு ஒரே இடத்தில் முட்டி நின்றால், குறிப்பாக வெளிச்சுழற்சி வெகுவாகக் குறைந்திருந்தால், உறைதோளை நினைக்க வேண்டும். அதே தோற்றத்தில் வரும் தோள்மூட்டுத் தேய்மானத்தையும், அரிதாக வரும் பின்பக்க மூட்டு விலகலையும் விலக்க எக்ஸ்ரே பார்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு உறைதோள் கூடுதலாக வரும் என்பதால் சர்க்கரையைப் பற்றியும் கேட்டிருக்க வேண்டும். இவை எதுவும் மதிப்பாய்வுக்கு உட்பட்டவருக்குத் தெரியாதவை அல்ல. தேர்வில் கேட்டிருந்தால் எல்லாவற்றையும் எழுதியிருப்பார். கடிதத்தில் இருந்த மூன்று சொற்கள் கேள்வி கேட்கும் வேலையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டுவிட்டன. அடுத்த வருகையில் அளந்தபோது வலது தோளின் வெளிச்சுழற்சி 15 பாகை, இடது தோளில் 60 என்று வந்தால், வலுவூட்டல் பயிற்சிகளை வைத்து எட்டு அமர்வுகள் ஏன் நகரவில்லை என்பதும், வலி கடுமையாக இருக்கும் தொடக்கக் கட்டத்திலேயே மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவது பற்றி அனுப்பிய மருத்துவருடன் பேசியிருக்கலாம் என்பதும் தெளிவாகும்.

மதிப்பாய்வாளர் எங்கும் தீர்ப்புச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ‘நீங்கள் உறைதோளைத் தவறவிட்டுவிட்டீர்கள்’ என்று முதல் நிமிடத்திலேயே அவரால் சொல்லியிருக்க முடியும். சொல்லியிருந்தால் அந்த ஒரு நோயாளிக்கு மட்டும் விடை கிடைத்திருக்கும். கடிதத்தை நம்பிக் கேள்வியை நிறுத்திக்கொள்ளும் பழக்கம் அப்படியே தொடர்ந்திருக்கும். இந்தப் பழக்கம் மதிப்பாய்வாளருக்கும் இருக்கலாம். கேள்வியைக் கேட்டுவிட்டுத் தம் சொந்த நோயாளிகளில் இருவரை நினைத்துத் திடுக்கிட்டுப் போகும் மதிப்பாய்வாளர்கள் உண்டு. கற்றுக்கொள்வதில் இவருக்கு ஒரு பங்கு, அவருக்கு ஒரு பங்கு என்று பிரித்துப் பார்க்க முடியாததும் அதனால்தான்.

பதிவேட்டையும் பேச்சையும் வைத்து எட்ட முடியாத ஒன்று இந்தத் தொழிலில் இருக்கிறது: கை. மூட்டைக் கையால் அசைத்துத் தளர்த்தும் முறை ஒன்றை ‘மெய்ட்லேண்ட் மூன்றாம் தர மொபிலைசேஷன்’ என்று இரண்டு பேர் எழுதலாம். இரண்டு பேரின் கைகளும் மூட்டில் செலுத்தும் விசை ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடலாம். எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். இதற்கு நேரில் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை; அதைவிடவும் நல்ல வழி, மதிப்பாய்வாளர் தம் தோளையே கொடுப்பது. தம் மூட்டின் மேல் சக மருத்துவரின் கை எங்கே பிடிக்கிறது, எப்போது அழுத்தத் தொடங்குகிறது, மூட்டு முட்டியதை உணர்ந்து நிற்கிறதா அல்லது அதைத் தாண்டித் தள்ளுகிறதா என்பதை நோயாளியின் இடத்திலிருந்து உணர்ந்து, உணர்ந்ததைத் தொழிலின் மொழியில் திருப்பிச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். எந்த நோயாளியின் பின்னூட்டப் படிவத்திலும் இது வராது.

நெதர்லாந்தில் இயன்முறை மருத்துவர்களின் படிப்புக் குழுக்களைக் கொண்டு நடந்த சமவாய்ப்பு ஆய்வு ஒன்று இங்கே பயனுள்ளது. ஒரு பகுதிக் குழுக்கள் வழக்கம்போல நோயாளிகளைப் பற்றிக் கூடிப் பேசின. மற்றவற்றில் உறுப்பினர்கள் மாறி மாறி மருத்துவராகவும் நோயாளியாகவும் மதிப்பீட்டாளராகவும் இருந்து, செய்து காட்டி, உடனுக்குடன் கருத்துப் பரிமாறிக்கொண்டார்கள். வழிகாட்டு நெறிமுறைகளை ஒட்டிய சிந்தனையில் இரண்டாவது வகைக் குழுக்களே கூடுதலாக முன்னேறின என்று 2015இல் வெளியான முடிவுகள் காட்டின. வெறும் கலந்துரையாடலில் வாயுள்ளவர் பேசுவார், மற்றவர் தலையாட்டுவார். செய்து காட்ட வேண்டும் என்று வரும்போது ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போகிறது.

பின்னூட்டம் என்றாலே நன்மை என்று எண்ணிவிடவும் கூடாது. பல துறைகளில் நடந்த பின்னூட்ட ஆய்வுகளிலிருந்து 607 விளைவு அளவுகளைத் தொகுத்து 1996இல் வெளியான பகுப்பாய்வு, சராசரியாகப் பார்த்தால் பின்னூட்டம் செயல்திறனைக் கூட்டுகிறது, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் குறைத்துவிடுகிறது என்று கண்டது. கவனம் வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பும்போது பின்னூட்டத்தின் பலன் தேய்கிறது என்பது அதை எழுதியவர்களின் விளக்கம். ‘இந்த அளவு ஏன் எடுக்கப்படவில்லை’ என்பது வேலையைப் பற்றிய பேச்சு. ‘நீங்கள் எப்போதும் அளப்பதில்லை’ என்பது ஆளைப் பற்றியது. இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டவர் அதன் பிறகு தம்மைக் காத்துக்கொள்வதில் ஈடுபடுவாரே தவிர, தோளைப் பற்றி யோசிக்க மாட்டார். இதற்கு நேரெதிரான ஆபத்து, நட்பு. ஒரே இடத்தில் வேலை செய்யும் நண்பர்கள் ஒருவரையொருவர் மதிப்பாய்வு செய்யும்போது, நாளை அவர் நம்முடையதைப் பார்க்கப் போகிறார் என்ற எண்ணம் பேச்சை மழுங்கடித்துவிடும். ‘நன்றாகச் செய்திருக்கிறீர்கள், பதிவு மட்டும் கொஞ்சம் விரிவாக இருக்கலாம்’ என்று முடிந்துபோகும் அமர்வுகள்தான் இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய வீணடிப்பு என்பது என் கருத்து. கடுமையான விமர்சனத்தால் மனம் புண்பட்டவர்களைவிட, மென்மையால் ஏமாற்றப்பட்டவர்களே அதிகம்.

தணிக்கையும் பின்னூட்டமும் மருத்துவப் பணியில் எவ்வளவு மாற்றத்தைக் கொண்டுவரும் என்பதைப் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012இல் வெளியிட்ட தொகுப்பில் 140 ஆய்வுகள் இருந்தன. விரும்பத்தக்க நடைமுறையைப் பின்பற்றுவதில் இடைநிலை முன்னேற்றம் 4.3 விழுக்காட்டுப் புள்ளிகள். சிறியதுதான். ஆனால் தொடக்கத் தரம் தாழ்ந்திருந்த இடங்களில், சக பணியாளரோ மேற்பார்வையாளரோ சொன்னபோது, ஒரு முறைக்கு மேல் சொன்னபோது, பேச்சிலும் எழுத்திலும் சொன்னபோது, தெளிவான இலக்கும் செயல்திட்டமும் சேர்ந்திருந்தபோது பலன் கூடியது. ஆண்டுக்கு ஒரு முறை சடங்காக நடத்தி, படிவத்தைக் கோப்பில் வைத்துவிடும் மதிப்பாய்வு இந்தக் கடைசி மூன்று நிபந்தனைகளில் ஒன்றைக்கூட நிறைவேற்றுவதில்லை.

நிர்வாகம் இதற்குள் எவ்வளவு நுழையலாம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பிரிட்டனில் ஒழுங்குமுறை ஆணையம் பதிவைப் புதுப்பிக்கும் காலத்தில் ஒவ்வொரு தொழிலிலும் 2.5 விழுக்காட்டினரை எழுந்தமானமாகத் தேர்ந்து, அவர்களின் தொடர் கற்றலுக்கான சான்றுகளைக் கேட்கிறது. அது ஆணையத்தின் கடமை. சக மதிப்பாய்வு நடந்தது, இன்ன நாளில் நடந்தது, இன்னதைக் கற்றேன் என்று அந்தச் சான்றுகளில் ஒருவர் எழுதலாம். அறைக்குள் பேசியது முழுவதும் அதில் இருக்க வேண்டியதில்லை. சம்பள உயர்வையோ ஒழுங்கு நடவடிக்கையையோ மதிப்பாய்வோடு பிணைத்தால், எவரும் தம் சந்தேகத்துக்குரிய பதிவேட்டைக் கொண்டுவர மாட்டார்கள். மிக அழகான பதிவேடுகள்தான் மேசைக்கு வரும். ஆயினும் இந்த மறைகாப்புக்கு ஓர் எல்லை உண்டு, அதை முதல் சந்திப்பிலேயே இருவரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இடுப்பு வலியோடு வந்தவர் சிறுநீர் கழிப்பதில் மாற்றத்தையும் தொடை இடுக்கில் மரத்துப்போனதையும் சொல்லியிருந்தும் அவசரமாக அனுப்பப்படவில்லை என்று பதிவேட்டில் தெரிந்தால், அது கற்றலுக்குரிய செய்தியாக அந்த அறைக்குள் தங்கிவிட முடியாது. அந்த நோயாளியின் தண்டுவட வால்நரம்புகள் நசுங்கிக்கொண்டிருக்கலாம். பேச்சை நிறுத்திவிட்டு முதலில் அவரைத் தொடர்புகொள்ள வேண்டும்.

தனியாகத் தொழில் நடத்துபவர்களுக்குத்தான் இது மிகவும் தேவை, அவர்களுக்குத்தான் இது மிகவும் கடினம். பக்கத்தில் இருக்கும் சக மருத்துவர் தொழிலில் போட்டியாளராகவும் இருப்பார். தொலைவில் இருக்கும் ஒருவருடன் காணொளி வழியாகப் பேசுவது இதற்கு ஓரளவு தீர்வு. நோயாளியின் எழுத்துவழி ஒப்புதலோடு பதிவு செய்த பத்து நிமிடப் பரிசோதனைக் காட்சி இருந்தால் இன்னும் நல்லது. தன்னைத் தானே காணொளியில் பார்ப்பவர்கள் மதிப்பாய்வாளர் வாய் திறப்பதற்கு முன்பே பலவற்றைக் கண்டுகொள்கிறார்கள்: நோயாளி பேசத் தொடங்கிய சில நொடிகளில் குறுக்கிட்டதை, கோனியோமீட்டர் மேசையில் இருக்க கண்ணளவில் பாகையைக் குறித்ததை, வீட்டுப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அதைத் திரும்பச் செய்துகாட்டச் சொல்ல மறந்ததை.

அமர்வு முடியும்போது எழுத வேண்டியது அரைப் பக்கத்துக்கு மேல் இல்லை. தோள் நோயாளியின் எடுத்துக்காட்டில் அது இப்படி இருக்கும்: அடுத்த ஆறு வாரங்களில் வரும் ஒவ்வொரு தோள் நோயாளிக்கும் இரண்டு பக்கமும் வெளிச்சுழற்சியை அளந்து எழுதுவேன், அனுப்பிய மருத்துவரின் கடிதத்தைப் பரிசோதனைக்குப் பிறகுதான் பிரிப்பேன், அது இயலாதபோது என் முடிவைத் தனியாக எழுதிவிட்டு ஒப்பிடுவேன். ஆறு வாரம் கழித்து அதே இருவர் மீண்டும் அமரும்போது, புதிதாகத் தேர்ந்தெடுத்த பதிவேடு எதுவும் வேண்டாம். இடையில் வந்த தோள் நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளை வரிசையாக எடுத்து வைத்து, அந்த இரண்டு எண்களும் எத்தனை தாள்களில் எழுதப்பட்டிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தாலே போதும்.